கைகளைக் கேட்டவர்

"...மத்த விரலைச் சொல்லல தம்பி, உன் வலது கை சுண்டு விரலைச் சொல்றேன். மத்ததெல்லாம் ஓடுது, அது மட்டும் வாசல்லயே நின்னு யோசிக்குது. எப்ப அடிபட்டுச்சு?"

அமாஜி என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். நான் டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவர் என் முகத்தையும் பார்க்கவில்லை, விரலையும் பார்க்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, இன்சீன் போகிற சுற்று ரயிலில் மரச் சன்னல் பலகை விழுந்து அந்த விரல் நசுங்கியது. எலும்பு கூடி, தழும்பும் மறைந்துவிட்டது. என்னைப் பெற்றவளுக்கே அது மறந்துபோயிருந்தது.

"ரயில் சன்னல்ல மாட்டிக்கிச்சு," என்றேன்.

"அதான பாத்தேன். நீ மறந்துட்ட, அது மறக்கல," என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அமாஜி என்றால் பர்மீயத்தில் பெரியக்கா. அந்த அறையில் வேலை பார்த்த நாற்பது பேரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். அவரைவிட மூத்தவரான சாமுவேல் அண்ணன்கூட அப்படித்தான் கூப்பிடுவார். நாற்பது வயதுப் பெண். இடுப்பில் வெளிறிய நீல லோஞ்சி, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை, கன்னத்தில் இரண்டு வட்டம் தனகா மரச்சாந்து. தெருவில் எதிரே வந்தால் யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் அவர் காதைப் பற்றிச் சொல்ல முடியும். யாங்கோனில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒன்றிரண்டாய் முளைத்த காலம். வெளிநாட்டில் யார் யாரோ கையால் நிரப்பிய காப்பீட்டுப் படிவங்கள் படமாக டிஸ்க்கில் ஏறி விமானத்தில் வரும். இன்டர்நெட்டை நம்பியிருந்தால் ஒரு படிவம் இறங்குவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். திரையில் அதைப் பார்த்து நாங்கள் அடிக்க வேண்டும். ஒரே படிவத்தை இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். ஒருவருக்கு மற்றவர் யார் என்று தெரியாது. இரண்டும் ஒத்துப்போனால் மெஷின் விழுங்கிவிடும். ஒத்துப்போகாத இடம் மட்டும் அமாஜியின் திரையில் வந்து நிற்கும். எது சரி என்று தீர்ப்பது அவர் வேலை.

அடித்தவர் பெயர் அந்தத் திரையில் வராது. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

"நிலார், ராத்திரி தூங்கலையா?" என்று என் பக்கத்து நாற்காலிக்காரியிடம் திரும்பாமலே பர்மீயத்தில் கேட்பார். அடுத்து தமிழில், "சாமுவேல், மனசு இன்னும் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிக்குதா? அம்மாவுக்கு மூச்சு வாங்கறது குறையலையா?" சாமுவேல் அண்ணன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன்லியினிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அம்மாவுக்கு முடியாமல் போனதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. முகம் கறுத்துவிடும். சிலுவைக்குறி போட்டுக்கொள்வார்.

எனக்கு மற்றவர்கள் சொல்லும் வார்த்தையைச் சேர்த்து வைத்துக்கொள்கிற பழக்கம் உண்டு. பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகாதவன், தெருவோரம் குடை விரித்து மனு அடித்துக் கொடுப்பவர்களிடம் டைப் கற்றவன். கேட்டதுதான் எனக்குப் படிப்பு. ஒருநாள் அமாஜியிடம், "எனக்கு இந்தச் சத்தம் தகரக் கூரையில மழை பெய்யற மாதிரிதான் கேக்குது," என்றேன்.

"மழைன்னு சொல்றவன் வீட்டுக்குள்ள படுத்திருக்கான். தகரத்தக் கேட்டுப் பாரு, ஒவ்வொரு துளியா சொல்லும்," என்றார்.

அந்தக் காது எங்கே கிடைத்தது என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் நான் கேட்காமல். கரண்ட் போய், ஜெனரேட்டர் கிளம்பாத ஒரு பகல். நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "எங்கப்பாவுக்கு இன்சீன் ரயில் பட்டறையில சுத்தியல் வேலை. எங்க குவார்ட்டர்ஸ் பின்சுவரு பட்டறையோட சுவரு. இருநூறு சுத்தியல் அடிக்கும். அதுல எங்கப்பா சுத்தியல் எதுன்னு எனக்கு நாலு வயசுலயே தெரியும். அது நின்னா அம்மாகிட்ட சொல்லுவேன், அப்பா பீடி குடிக்கிறாருன்னு. எண்பத்தெட்டுப் போராட்டத்துல எல்லா சுத்தியலும் நின்னுச்சு. எல்லாரும் தெருவுக்குப் போயிட்டாங்க. மறுபடி பட்டறை ஓட ஆரம்பிச்சப்ப பின்சுவத்துல காத வெச்சுக் கேட்டேன்."

அவ்வளவுதான். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சுவரில் காது வைத்தபோது என்ன கேட்டது என்று சொல்லவில்லை.

இதுவரை சொன்னது பரவாயில்லை. கூர்மையான காது என்று வைத்துக்கொள்ளலாம். நிலார் விஷயம் அப்படி இல்லை.

நிலாருக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம். கம்பெனி புதிதாக ஒரு புரோகிராம் போட்டிருந்தது. யார் மணிக்கு எத்தனை எழுத்து அடிக்கிறார், எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்பதையெல்லாம் அதுவே எழுதி வைக்கும். ஒவ்வொரு மாதமும் கடைசியில் நிற்கிற மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காரணம் கேட்க முடியாது. "நானா அனுப்பறேன், மெஷின் அனுப்புது," என்பார் மேனேஜர் சயா. சயா என்றால் ஐயா. நிலார் காலையில் நாலு தடவை வாந்தி எடுக்க ஓடுவாள். திரும்பிவர இருபது நிமிடம் ஆகும். அவள்தான் முதலில் போவாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாதக் கடைசியில் அவள் பெயர் நடுவில் பத்திரமாக இருந்தது.

எப்படி என்று ஒருநாள் கண்டேன், இல்லை, கேட்டேன். நிலாருக்கு ஒரு நடை உண்டு. நாலு எழுத்து வேகமாக அடிப்பாள், ஒரு மூச்சு விடுவாள், மறுபடி நாலு. அவளுக்கு அடுத்த நாற்காலியில் மூன்று வருடம் உட்கார்ந்ததால் எனக்கும் அது பழகியிருந்தது. அன்று அந்த நாலும் ஒரு மூச்சும் கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், நாற்காலி காலி. நிலார் கழிவறையில் இருக்கிறாள், அவள் இருமுவதுகூட இங்கே கேட்கிறது. அவள் கை மட்டும் தண்ணீர்ப் பானைப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தது.

அமாஜி நிலாரின் பெயரில் உள்ளே போய், நிலாரின் கையால் அடித்துக்கொண்டிருந்தார். அவள் அடிக்கடி செய்யும் தவறைக்கூட விடவில்லை. சாயங்காலம் கேட்டேன், "உங்க வேகத்துல அடிச்சா போதாதா, எதுக்கு அவ மாதிரியே அடிக்கணும்?"

"வேற நடையில அடிச்சா மெஷின் கண்டுபிடிச்சிரும். அதுக்கும் காது இருக்கு தம்பி. என்ன, அதுக்கு மனுசங்க பேரு மட்டும்தான் தெரியும்."

நிலார் அவருக்கு நன்றி சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பயமாக இருக்கிறதாம். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

சங்கம் என்ற வார்த்தையை முதலில் சொன்னவன் கோ தெய்ன். சன்னலோர நாற்காலி. கடலோர டெல்டா பக்கத்துக் கிராமத்தான், மெதுவாக அடிப்பான், தப்பே வராது. கீழே டீக்கடையில் தாழ்ந்த முக்காலிகளில் உட்கார்ந்து, நாலு பேர் நாலு பேராகத்தான் பேசுவோம். அப்போது ராணுவ ஆட்சி, ஐந்து பேர் கூடினாலே சட்டப்படி குற்றம். ஆகவே விவாதம் மேசைக்கு மேசை தாண்டிப் போகும், டீ கொண்டு வருவது போல.

சாமுவேல் அண்ணன் எதிர்க்கட்சி. "சங்கம்லாம் மூட்டை தூக்கறவங்களுக்கு. நாம ஏசியில உக்காந்து கம்ப்யூட்டர்ல வேலை செய்யறோம். நமக்கு எதுக்கு?"

"ஏசி மெஷினுக்கு அண்ணே. கரண்ட் போனா மொதல்ல அதுக்குத்தான ஜெனரேட்டர் போடறாங்க," என்றான் கோ தெய்ன். அவன் பர்மீயத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன், சாமுவேல் அண்ணனுக்கு அது புரியும் என்றாலும். "சங்கம் கேக்கலன்னா, யார் போகணும்னு மெஷினோட ஒரு எண்ணுதான் சொல்லும். நம்மகிட்ட யாரு கேப்பாங்க?"

"கேட்டா உன்னை எங்க கொண்டுபோவாங்கன்னு தெரியும்ல? இந்த வேலை கத்துக்க நான் என் தங்கச்சி சங்கிலிய அடகு வெச்சேன். நாளைக்கு வெளிநாட்டுக்காரன் டிஸ்க்க வேற ஊருக்கு அனுப்பிட்டா? சங்கம் இருக்கும், வேலை இருக்காது."

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதுதான் தொந்தரவு. அமாஜி ஒரு ஓரத்தில் டீயைச் சாஸரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். "நீங்க என்ன சொல்றீங்க?" என்றேன்.

"சங்கம் வேணுமா வேணாமான்னு பேசிட்டிருக்கீங்க. அது எப்பவோ இருக்கு. மூணு மணிக்கு ஒரு நாளு கையை எடுத்துட்டுக் கேளு."

மறுநாள் மூன்று மணிக்குக் கையை எடுத்துவிட்டுக் கேட்டேன். முதலில் வழக்கமான இரைச்சல். கொஞ்சம் கொஞ்சமாக அது சேர்ந்தது. ஒருவர் வேகம் இன்னொருவரை இழுத்தது. மூன்றே கால் சுமாருக்கு, அறை முழுவதும் ஒரே இடத்தில் நின்று, மூச்சு விட்டு, ஒரே இடத்தில் மறுபடி ஆரம்பித்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. சங்கமே கூடாது என்று சொன்ன சாமுவேல் அண்ணனின் கையும் அதில் சேர்ந்து நின்றது, சேர்ந்து கிளம்பியது. எனக்கு அதில் கலந்துகொள்ளப் பயமாக இருந்தது. கையைக் கீபோர்டில் வைத்தேன். அதுவாகவே கலந்துவிட்டது.

அந்த மாதம் கடைசி மூன்றில் கோ தெய்ன் பெயர் இருந்தது. ஊருக்குப் போய்விட்டான். அடுத்த கோடையில் பெரும் புயல் வந்து டெல்டாவை வழித்துக்கொண்டு போனது. யாங்கோனிலேயே பாதி மரம் விழுந்து கிடந்தது. கோ தெய்னின் கிராமம் இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று போய்ப் பார்த்து வந்தவர்கள் சொன்னார்கள். அவனைப் பற்றி வேறு செய்தியே இல்லை.

கம்பெனி மறுபடி திறந்து இரண்டு வாரம் இருக்கும். மதியச் சாப்பாட்டு இடைவேளை. கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தால், மெதுவான, நிதானமான, தப்பே வராத அந்த நடை கேட்கிறது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சன்னலோர நாற்காலியில் அமாஜி உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். மெஷின் அணைந்துதான் கிடந்தது.

"என்ன செய்யறீங்க?"

"பாடம் பண்றேன். மறந்துருவேனோன்னு பயமா இருக்கு."

அதற்குப் பிறகுதான் நாங்கள் கடிதம் எழுதத் தீர்மானித்தோம். சங்கம் என்ற வார்த்தையே கூடாது என்பது சாமுவேல் அண்ணனின் நிபந்தனை. கோரிக்கை மூன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணுக்குப் பத்து நிமிடம் ஓய்வு. எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரையும் நீக்கக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அந்த எண்ணிக்கை கிடையாது. ஒரு வாரம் டீக்கடையில் மேசை மேசையாகத் திருத்தினோம். எல்லோருக்கும் வரிக்கு வரி மனப்பாடம் ஆகிவிட்டது. இங்கிலீஷைச் சரி செய்து கொடுத்தது சாமுவேல் அண்ணன்தான். "நான் இதுல இல்ல. இலக்கணம் தப்பாப் போயிரக் கூடாது, அவ்வளவுதான்," என்றார்.

அடிக்கிற வேலை எனக்கு. கையால் எழுதினால் கையெழுத்து காட்டிக்கொடுக்கும், தட்டச்சுக்கு ஏது கை என்று நினைத்தேன். உலகத்தில் வேறு எவன் நினைத்தாலும் சரி, அமாஜியின் அறையில் நாலு வருடம் உட்கார்ந்த நான் அப்படி நினைத்திருக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோ தெய்னின் மெஷினில், பயிற்சிக்காரர்களுக்கென்று வைத்திருந்த பொதுப் பெயரில் நுழைந்து அடித்தேன். அச்செடுத்து மேனேஜரின் தட்டில் வைத்தேன். கீழே பெயர் இல்லை.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம், மேனேஜர் சயா ஒரு கத்தைத் தாளோடு அறைக்கு வந்தார். எல்லோரையும் கையை எடுக்கச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அன்று அவருக்கு வேர்த்திருந்தது.

"இந்தக் கடிதத்த அடிச்சது யாருன்னு மெஷினுக்குத் தெரியல. ஆனா ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு அது எழுதி வெச்சிருக்கு. இதோ இருக்கு. அரசாங்க வார்டு ஆபீஸ்ல கேக்கறாங்க. ஒரு பேரு குடுத்தா போதும், மத்தவங்க நிம்மதியா வேலை பாக்கலாம்." பிறகு தாளை அமாஜியின் மேசையில் வைத்தார். "அமாஜி, நீங்க சொல்லிருவீங்கன்னு எனக்குத் தெரியும்."

அமாஜி தாளை எடுத்தார். வெறும் எண்கள். விரலை அதன்மேல் ஓட்டிக்கொண்டே, மறுகை நகத்தால் மேசையில் தட்ட ஆரம்பித்தார். மூன்று தட்டு, இடைவெளி, ஐந்து தட்டு. அறையில் வேறு சத்தமே இல்லை. ஒரு வரி முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. சுண்டு விரல் வரவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் நகம் ஒரு கணம் நின்று யோசித்தது. சொந்தக் குரலைக் கூட நான் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. சாமுவேல் அண்ணன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. இன்சீனில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் அந்தப் பெரிய சிறை. அந்த மதிலை நினைத்தேன்.

"யாரு?" என்றார் மேனேஜர்.

"தட்டினா பத்தாது சயா. அடிச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்," என்று அமாஜி கீபோர்டை இழுத்துக்கொண்டார்.

முதல் வரி என் கையின் நடையில் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது வரி வந்தபோது திறந்துவிட்டேன். நாலு எழுத்து, ஒரு மூச்சு. நிலார் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது வரி சாமுவேல் அண்ணனுடையது. கமாவுக்குப் பிறகு அவர் எப்போதும் இரண்டு தடவை தட்டும் இடைவெளிகூட இருந்தது. அவர் தன் கைகளைப் பார்த்தார். அவை மடியில்தான் கிடந்தன. அதற்குப் பிறகு வரிக்கு ஒருவர். ஒவ்வொருவர் தோளாகச் சிலிர்ப்பதை வைத்தே அடுத்தது யார் என்று என்னால் சொல்ல முடிந்தது. நடுவில் ஒரு வரி மெதுவாக, நிதானமாக வந்தது. ஒருவரும் சன்னல் பக்கம் பார்க்கவில்லை.

"நிறுத்துங்க," என்றார் மேனேஜர். அவருக்கு எல்லாம் ஒரே டக்டக்தான். "இந்தத் தாள்ல இருக்கறது எது? அத மட்டும் சொல்லுங்க. இல்ல, எல்லாக் கையும் உங்ககிட்டதான் இருக்கு, அடிச்சதும் நீங்கதான்னு எழுதிக்கட்டுமா?"

அமாஜி கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். சத்தம் நிற்கவில்லை.

எனக்கு முதலில் புரியவில்லை. மேனேஜருக்கும் புரியவில்லை. அவர் அமாஜியின் சும்மா கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் எனக்குப் பக்கத்தில் பார்த்தேன். சாமுவேல் அண்ணன் அடித்துக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது, விரல்கள் மூன்றாவது வரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. நிலார் சேர்ந்தாள். பின்வரிசை சேர்ந்தது. என் கையும் எப்போது போனது என்று தெரியாது. ஒரே கடிதம், எல்லோர் திரையிலும். ஒரே இடத்தில் நின்றது, மூச்சு விட்டது, கிளம்பியது.

அந்த மாதமே பத்து நிமிட ஓய்வு கிடைத்தது. கர்ப்பிணிகளுக்கு எண்ணிக்கை இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். கடைசி மூன்று பேரை அனுப்புவது மட்டும் நிற்கவில்லை. வார்டு ஆபீசிலிருந்து யாரும் வரவில்லை. அறை முழுவதையும் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த விமானத்து டிஸ்க்குக்கு யார் பதில் சொல்வது என்று மேனேஜர் கணக்குப் போட்டிருப்பார். இதெல்லாம் பிற்பாடு. அந்த நேரத்தில் எங்களில் யாருக்கும் அது தெரியாது. எல்லோரும் சிறைக்குப் போகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் அடித்தோம்.

"யாரு அடிக்கிறது?" என்று மேனேஜர் கத்தினார்.

அமாஜி சுவரைப் பார்த்தபடியே தலையைக் கொஞ்சம் சாய்த்தார். "சாமுவேல்," என்றார். "நிலார்." அடுத்து என் பெயர். அதைக் கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை, பெயர் கூப்பிட்டதற்கு ஆஜர் சொல்லத் தோன்றியது. பின்வரிசையில் ஒன்று, நடுவரிசையில் ஒன்று. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு கணம் காத்திருந்து, நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார்.

"போதும், போதும். ஒரே ஒரு பேருதான கேட்டேன்," என்றார் மேனேஜர்.

அமாஜி உதட்டில் விரலை வைத்து, இரைச்சல் போடாதீர்கள், கேட்கவில்லை என்பதுபோல அவரை அடக்கினார். பிறகு அடுத்த பெயரைச் சொன்னார்.